அமிஹானின் பார்வை

பன்னிரண்டாவது படத்திலும் நடிகை அமிஹான் கேமராவைப் பார்க்கவில்லை.

முகம் நேராகத்தான் இருந்தது. பார்வை மட்டும் படமெடுத்த எலிசியோவின் இடது தோளைத் தாண்டிப் போயிருந்தது. எடுக்கும்போது அவள் லென்ஸையே பார்த்ததை அவன் கண்ணால் கண்டிருந்தான்.

கேஸோன் நகரத்தின் பிற்பகல் மழையிலும் வாசலில் கூட்டம் கலையவில்லை. "தங்கச்சி பொணத்துக்குப் பக்கத்துல நின்னு சிரிச்சவதானே நீ! வெளிய வாடி!" ஸ்டூடியோவுக்குள் சூடேறிய விளக்குகளின் வாடையும், அவளுடைய பவுடர் மணமும், அவற்றுக்கு அடியில் எங்கிருந்தோ கசிந்த அழுகிய மல்லிகையின் நெடியும் சேர்ந்து அடித்தன.

அந்தச் சிரிப்பை ஒளிந்திருந்து எடுத்துப் பத்திரிகைக்குத் தந்தவன் அவன்தான். நாடே அவளைக் காறித் துப்பியது. இன்று ஊரிடம் மன்னிப்புக் கேட்கும் படம் எடுக்க, அவள் தேடிப் பிடித்து வரவழைத்ததும் அவனைத்தான்.

"கொஞ்சம் கேமராவைப் பாருங்க மேடம்."

"பாத்துட்டுத்தானே இருக்கேன் அண்ணே. அன்னைக்கு ஒளிஞ்சு நின்னே எவ்வளவு தெளிவா எடுத்தீங்க! இன்னைக்கு என்ன வந்துச்சு?"

அடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கினான். அவள் கண்மணிக்குள் விளக்கும், கேமராவோடு அவனும். அவனுக்குப் பின்னால், கதவருகே, வெள்ளை உடையில் ஒருத்தி.

திரும்பினான். பூட்டிய கதவு. யாருமில்லை.

லென்ஸில் ஈரமாக இருக்கும். துடைத்துவிட்டு மறுபடி எடுத்தான். பெரிதாக்கினான்.

வெள்ளை உடை பாதி அறையைக் கடந்திருந்தது.

"மேடம்... உள்ள வேற யாராவது..."

அமிஹான் சிரித்தாள். அதே சிரிப்பு.

"சாவு வீட்டுல நான் யாரப் பாத்துச் சிரிச்சேன்னு ஒருத்தராவது கேட்டீங்களா? என் தங்கச்சி திவினாவத்தான். உங்க முதுகுக்குப் பின்னாடி நின்னு, உங்களை மாதிரியே ஒத்தக் கண்ண மூடிக் குனிஞ்சு காட்டினா. சின்னப் புள்ளையிலேருந்தே அப்படித்தான், யாரப் பாத்தாலும் நடிச்சுக் காட்டுவா. நான் தினம் கூப்பிடுறேன், எங்கிட்ட வரவே மாட்டேங்குறா. உங்க பின்னாடியேதான் போறா."

வாசலில் கூச்சல் நின்றது. மழையும்.

கழுத்தில் குளிர்ந்த மூச்சு.

பொத்தானிலிருந்து விரலை எடுத்தான். கேமராவை இறக்கினான். லென்ஸ் தரையைப் பார்த்தது.

விளக்கு பளிச்சிட்டது. அவன் அழுத்தவில்லை.

திரையில் புதிய படம் மெல்லத் தெளிந்தது. அவனுடைய பிடரி. மிக அருகில். அதை நோக்கி நீண்ட சாம்பல் நிற விரல்கள். விரல்களைச் சுற்றி, செத்தவர் துணைக்கு ஆள் அழைக்காமலிருக்கப் சவப்பெட்டியை மூடுமுன் அறுத்துவிடும் ஜெபமாலை.

அறுபடாமல்.