பதினாறு நாள் கழிவு

“டீ இரண்டு, அறுபது ரூபாய். தொழிலா, வீடா?” என்று கேட்டது ஆவுடையப்பனின் மணிக்கட்டில் இருந்த பிரிப்பான்.

“தொழில்தான்,” என்றார் அவர், யோசிக்காமல். “மாவுக்கடை உலகம்மை, என் கஸ்டமர். அவங்க கடை கூலர் சர்வீஸ் விஷயமா பேசுதோம்.”

பிரிப்பானில் பச்சை விளக்கு எரிந்தது. அறுபது ரூபாய் கழிவில் சேர்ந்தது. அதாவது, அந்தப் பணத்துக்கு இந்த வருடம் வரி கிடையாது. பக்கத்துப் பெஞ்சில் இருந்த உலகம்மை டீயை வாங்கிக்கொண்டாள். அவள் அவருடைய கூடப்பிறந்த தங்கை. சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துபோய், வாரத்துக்கு மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பில் உயிரைப் பிடித்து வைத்திருப்பவள். அண்ணன் தன் சிறுநீரகம் ஒன்றைத் தருவதற்குச் சம்மதித்து, டாக்டர் அடுத்த வியாழக்கிழமைக்கு நாளும் குறித்தாயிற்று. அதற்கு மேல் தள்ளினால் உடம்பு தாங்காது என்றும் சொல்லிவிட்டார். அரசு ஒப்புதல் ஒன்றுதான் பாக்கி. அதை வாங்கத்தான் உறவுச் சரிபார்ப்பு அலுவலகத்து வாசலில் இருவரும் காத்திருந்தார்கள்.

ஆவுடையப்பனைக் கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். தென்காசியில் ஏசி பழுதுபார்க்கிற தனியாள் அவர். மாதச் சம்பளக்காரனுக்கு வரிக் கணக்கை ஆபீஸே பார்த்துக்கொள்ளும். தனியாளாகத் தொழில் நடத்துகிறவனுக்கு எது தொழில் செலவு, எது வீட்டுச் செலவு என்று பிரிப்பதற்குள் பாதி ஆயுசு போய்விடும். அதனால்தான் பிரிப்பான் வந்தபோது ஊரே அதைக் கொண்டாடியது. பில்லைச் சேர்த்து வைக்க வேண்டாம், ஆடிட்டர் வீட்டுக்கு நடக்க வேண்டாம். கையில் கட்டிக்கொண்டால் ஒவ்வொரு செலவுக்கும் அதுவே கேட்கும். பொருத்தமான காரணம் சொன்னால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. அவ்வளவுதான் வேலை.

காரணத்துக்கா பஞ்சம்? தங்கை மகளுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் சீர் ஐம்பத்தொரு தட்டு கொண்டுபோனார் ஆவுடையப்பன். மேளத்துக்கு முன்னால் ஆள் உயரப் பேனர். அதில் குழந்தையின் படம் தபால்தலை அளவுக்கும், ‘ஆவுடை ஏசி சர்வீஸ்’ என்கிற எழுத்தும் போன் நம்பரும் தெருக்கோடிவரை தெரிகிற அளவுக்கும் இருந்தன. ஐம்பத்தொரு தட்டும் விளம்பரச் செலவு. பச்சை. தங்கைக்குத் தீபாவளிப் புடவை, வாடிக்கையாளர் அன்பளிப்பு. அதுவும் பச்சை. பாசத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை மனுஷன். கொடுத்ததை எல்லாம் எழுதியும் வைத்தார், அவ்வளவுதான்.

உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி ஜுலைகா நாற்பது வயதுக்காரி. இரண்டு பேருடைய பதிவையும் திரையில் ஓடவிட்டபடி இருந்தவளின் முகம் வாடிப்போயிருந்தது.

“அண்ணாச்சி, ரத்தம் பொருந்துது, டாக்டர் சர்டிபிகேட் பொருந்துது. உங்க ரெண்டு பேர் கணக்குதான் இடிக்கி.”

“என்ன கணக்கும்மா? நான் வரி ஒரு பைசா பாக்கி வைக்கலியே.”

“வரி இல்ல அண்ணாச்சி. சிறுநீரகத்தை விக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்லா. கூடப்பிறந்தவங்களே ரகசியமா பேரம் பேசி வித்த கேஸெல்லாம் வந்த பிறகு, ரத்த உறவு மட்டும் போதாதுன்னு மாத்திட்டாங்க. கொடுக்கிறவருக்கும் வாங்குறவருக்கும் நடுவுல வியாபாரம் இல்லாத ஒரு நடப்பாவது பதிவுல இருக்கணும். பதினோரு வருஷத்துல உங்களுக்குள்ள தொள்ளாயிரத்துச் சொச்சம் பதிவு கெடக்கு. அத்தனையும் பச்சை.”

ஆவுடையப்பனுக்குச் சட்டென்று புரியவில்லை. “அப்போ நான் குடுக்கிறது?”

“அதையும் வியாபாரம்னுதான் எடுத்துக்கிடும். ஒப்புதல் வராது.”

அவரால் தங்கையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜுலைகா நல்லவள். நாற்காலியை இழுத்துப் போட்டு இருவரையும் திரைக்கு முன் உட்கார வைத்தாள். “ஒண்ணே ஒண்ணு கெடைச்சாப் போதும். நல்லா யோசிங்க. அவங்களுக்காகச் செஞ்சு, எழுதாம விட்டது எதுவும் உண்டா?”

மூவரும் தேடினார்கள். வருடா வருடம் தங்கைக்கு வைக்கிற பொங்கல் படி, பச்சை. உலகம்மையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்த வண்டி எண்ணெய், அத்தனை நடையும் பச்சை. அவள் பிறந்தநாளுக்கு வாங்கிய அரைக் கிலோ அல்வாகூடப் பச்சைதான். ஜுலைகாவின் விரல் ஓரிடத்தில் நின்றது.

“இங்க ஒரு சிவப்பு இருந்திருக்கு. ஆறு வருஷத்துக்கு முன்னால, பதினாறு நாள்.”

உலகம்மையின் கணவன் இறந்த சமயம் அது. ஆவுடையப்பன் கடையைப் பூட்டிவிட்டு, பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை தங்கை வீட்டிலேயே கிடந்தார். அந்த நாட்களின் வருமான இழப்பைக் கழிவாகக் கேட்டபோது, பிரிப்பான் முதல்முறையாக முடியாது என்றது. இது துக்கம், தொழில் அல்ல என்று சிவப்பைக் காட்டியது.

“அதுதான், அதுதான்,” என்று எழுந்தே விட்டாள் உலகம்மை. “அந்தப் பதினாறு நாளும் எங்க அண்ணன் இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ.”

ஜுலைகா மெல்லிய குரலில் சொன்னாள்: “அது அப்புறம் பச்சையா மாறியிருக்கும்மா. அண்ணாச்சி அப்பீல் போயிருக்காங்க. துக்கம் கேக்க வந்தவங்கள்ல நாலு பேர் ஏசிக்கு ஆர்டர் குடுத்தாங்க, அதனால நான் அங்க இருந்தது தொழில்தான்னு சத்தியக் கடுதாசி குடுத்து ஜெயிச்சிருக்காங்க.”

ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கு அந்தத் தீர்ப்பு வந்ததும் லாலா கடையில் மிட்டாய் வாங்கி நண்பர்களுக்குக் கொடுத்தது ஞாபகம் வந்து, உடம்பெல்லாம் கூசியது.

“ஏட்டி, எனக்குச் சொல்ல வாய் வரல,” என்றார்.

உலகம்மை தன் மணிக்கட்டில் இருந்த பிரிப்பானைத் திருகிக்கொண்டே சொன்னாள். “நீ மட்டுமாண்ணே. அந்தப் பதினாறு நாளும் உனக்குப் போட்ட சோத்தை நானும் எழுதியிருக்கேன். இடையில ஒருநாள் கூலரைத் தட்டிச் சரிபண்ணிக் குடுத்தேல்லா. அதைச் சாக்கா வச்சி, மெக்கானிக் சாப்பாட்டுச் செலவுன்னு போட்டுட்டேன்.”

இருவருக்கும் அழுகை வந்தது. கூடவே, எங்கிருந்தோ பாழாய்ப்போன சிரிப்பும் வந்தது.

“ஒரு வழி இருக்கு,” என்றாள் ஜுலைகா. “அன்னைக்கு எழுதிக் குடுத்தது பொய், துக்கத்துக்குத்தான் இருந்தேன்னு அப்பீலை வாபஸ் வாங்கலாம். அது மறுபடி சிவப்பாயிரும், ஒப்புதலும் வந்துரும். ஆனா பொய்ச் சத்தியத்துக்குத் தொழில் எண்ணை மூணு வருஷம் முடக்கிருவாங்க. சொந்தமா ஒரு ஸ்க்ரூகூடக் கழட்ட முடியாது. எங்கயாவது சம்பளத்துக்குத்தான் போகணும்.”

“வேண்டாம்ணே,” என்றாள் உலகம்மை. “அம்பது வயசுக்கு மேல எவன்கிட்ட போயி கைகட்டி நிப்பே?”

“நீ சும்மா இரு. எங்க கைநாட்டு வைக்கணும்? காட்டுங்கம்மா.”

வைத்தார். திரை ஒரு நொடி யோசித்தது. முடக்கம் அமலுக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, கடைசியாக ஒன்று கேட்டது: ‘இதனால் ஏற்படும் மூன்று வருட வருமான இழப்பைக் கழிவாகக் கோரும் உரிமை உங்களுக்கு உண்டு. கோருகிறீர்களா? ஆம். இல்லை.’

“அதைத் தொட்டுராதீங்க அண்ணாச்சி,” என்று ஜுலைகா பதறினாள். “தொட்டா இதுவும் வியாபாரம்னு ஆயிரும்.”

அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. ஆனால் பதினோரு வருடப் பழக்கம் லேசுப்பட்டதா? கட்டைவிரல் தன்பாட்டுக்கு ‘ஆம்’ பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. உலகம்மை பாய்ந்து அந்த விரலைப் பிடித்தாள். இழுத்து வந்து ‘இல்லை’யின் மேல் அழுத்தினாள். ஜுலைகா அப்போது ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினாறு நாளும் திரையில் சிவப்பாயின. அடுத்த வியாழனுக்கு ஒப்புதல் விழுந்தது. ஆவுடையப்பன் தங்கையின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, குழந்தையைப்போல் தேம்பினார்.

அந்த நேரம் பார்த்து உலகம்மையின் மணிக்கட்டில் இருந்த பிரிப்பான் மணி அடித்தது.

“படிவம் நிரப்ப ஒருவருக்கு உதவியிருக்கிறீர்கள். வாடிக்கையாளர் பெயர் ஆவுடையப்பன். கூலி எவ்வளவு என்று எழுதலாம்?”

“கூலியும் இல்ல, வாடிக்கையும் இல்ல. அண்ணன்னு எழுது,” என்றாள் உலகம்மை.

பிரிப்பான் சற்று நேரம் தேடியது.

“உங்கள் பதிவில் அப்படி ஒரு தலைப்பு இல்லை. புதிதாகத் தொடங்கலாம். காரணம் சொல்லுங்கள்.”

உலகம்மை வாயைத் திறந்தாள். பதினோரு வருடமாக எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லிப் பழகிய அந்த வாய்க்கு, இதற்கு என்ன காரணம் சொல்வதென்று தெரியவில்லை.