சிரிக்காமல் சொன்ன ஒரு சொல்

மழையில் தொப்பலாக நனைந்து ஓடிவந்த தித்திலியாவை, சுவா நகர ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தை வார்டு வாசலில் ஓர் இளைஞனின் கை மறித்தது.

"கையைக் கழுவிட்டு உள்ள போ."

"நீ யாரு என்னைத் தடுக்க?" என்று நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள்... மழை விட்ட கடல் மாதிரி.

"நர்ஸ் நெமானி. நீ?"

பேரையும் ஊரையும் சொன்னாள். கண்கள் சிரித்தன. "அட, நம்ம தௌவு! அதான் முடி தேங்காய் நார் மாதிரி இருக்கு."

போச்சு. தௌவு என்றால் ஒரே மூதாதையர் வழி வந்த இரண்டு ஊர்களின் கேலி உறவு; அந்த ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் என்ன வேண்டுமானாலும் கேலி செய்யலாம், கோபித்துக்கொண்டால்தான் மானக்கேடு. தித்திலியாவின் அக்கா காய்ச்சலோடு மாடி வார்டில் படுத்திருந்தாள். குடலில் ஆபரேஷன் ஆன அக்காவின் ஒன்பது நாள் பிள்ளைக்குச் சித்தியான இவள்தான் காவல். அந்தக் கவலைக்கு நடுவிலும் நெமானியின் நடையை அவள் நண்டு நடை என்பாள். "உன்னைக் கட்டிக்கிட்டு உன் ஊர்ல பன்னி மேய்க்கப் போறேன்" என்பான் இவன். வார்டே சிரிக்கும். அவள் மட்டும் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி பார்ப்பாள். எனக்கெப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

மூன்றாம் நாள் அவள் பையிலிருந்து ஒரு டப்பா வெளிவந்தது.

"சத்துப்பவுடர். வயித்துக்கு நல்ல கிருமியாம். பால்ல ஒரு சிட்டிகை கலந்துடலாம்."

"கலக்காதே, தித்தி. பிள்ளைக்கு ஆபத்து."

"உன் மூஞ்சியைப் பார்த்தாதான் பிள்ளைக்கு ஆபத்து!" என்று சிரித்தபடியே மூடியைத் திறந்தாள். அவன் டப்பாவைப் பிடுங்கிக் குப்பைக்கூடையில் வீசினான். சிரிப்பே இல்லை. எல்லோர் முன்னாலும்! தித்திலியா விறைத்துக்கொண்டு வெளியேறினாள்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் புகார் சொன்னாள். டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: "இது உயிருள்ள கிருமிம்மா. சில குழந்தைங்களுக்கு நாங்களே பார்த்து, அளந்து குடுப்போம். உங்க பிள்ளைக்குக் குடல் தையல் இன்னும் ஆறலை, நெஞ்சு நரம்புல குழாய் வேற. கிருமி ரத்தத்துல போயிட்டா நம்ம கையில ஒண்ணுமில்லை."

தித்திலியாவுக்கு உறைத்தது. அவன் நிஜமாகத்தான் சொல்லியிருக்கிறான்... அப்படியென்றால் அவன் சொன்னதில் எது கேலி, எது நிஜம்? ஒன்றுமே விளங்கவில்லை.

மத்தியானம் பஸ் நிறுத்தத்தில் மழையில் குடையோடு நின்றவனைப் பிடித்தாள்.

"நேத்து நீ சொன்னது நிஜம்."

"ஆமா."

"அப்போ... கட்டிக்கிறேன்னு சொன்னியே, அது?"

நெமானி வாயைத் திறந்தான். பழக்கதோஷம், சிரிப்புதான் முதலில் வந்தது. "உன் மூக்கைப் பார்த்தா..." பாதியில் நின்றது. கவசமில்லாத முகம் தவித்தது. "உன்கிட்ட வேற மாதிரி பேச எனக்குத் தெரியலையே, தித்தி..."

"அப்ப நான் பேசறேன். எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு."

பஸ் வந்தது. போயும் விட்டது.

"கேலியா?" என்றான், பயந்துபோன குரலில்.

"இல்லடா..." அவள் சிரிக்கவில்லை.

குடை எப்போதோ சாய்ந்துவிட்டது. இரண்டு பேரும் நனைந்துகொண்டிருந்தார்கள். எதிர்க்கடையில் நின்ற எனக்குத் தெரிந்தது, அவர்களுக்குத் தெரியவில்லை.