அப்பா கேட்ட ஒரு கேள்வி

சீனியம்மாளின் அப்பா சுவரில் இருந்தார். ராணுவத் தொப்பி போட்ட படமாக, யாரையோ முறைத்துக்கொண்டு. எழுபத்தொன்றாம் ஆண்டுச் சண்டையில் அவர் இறந்தபோது அவளுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. இப்போது அவள் ஐந்தாம் வகுப்பு.

“சுதந்திர தினத்தன்று உன் அப்பாவைப் பற்றி நீதான் பேசணும்” என்றார் விஜயம் டீச்சர். ஒரு தாளையும் கொடுத்தார். ‘எதிரிகள் மீது புலிபோலப் பாய்ந்தார்’ என்று அதில் எழுதியிருந்தது.

டீச்சர் அப்பாவைப் பார்த்ததே இல்லை. அப்புறம் புலி எப்படி வந்தது? சீனியம்மாளுக்குச் சந்தேகமாக இருந்தது.

செல்லூர் தறிக்கூடத்தில் வேலை முடிந்து அம்மா மலையம்மாள் வந்ததும் கேட்டாள்.

“ராணுவத்துல லாரி ஓட்டுனாரு. ரொட்டி கொண்டு போகையில குண்டு விழுந்துருச்சு. அம்புட்டுதான்” என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஒரு மனிதர் அவ்வளவுதானா? சீனியம்மாள் அடுத்த தெருவுக்கு ஓடினாள். அங்கேதான் அம்மாவின் அண்ணன் விருமாண்டி மாமா இருந்தார்.

“உங்கப்பன் காசிமாயன் புலியா? பல்லியைக் கண்டாலே கட்டில்ல ஏறிக்கிருவான்” என்று மாமா சிரித்தார். “நீ பொறந்தப்ப பத்து நாள் லீவுல வந்தான் தாயி. உன்னை மடியை விட்டு இறக்கலை.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “கடைசியா ஒரு லெட்டர் போட்டான். உங்கம்மா பெட்டியில வச்சிருக்கு. அதுல என்ன இருந்துச்சுன்னு எனக்கே சொல்லலை.”

வீட்டுக்கு வந்து அந்தக் கடிதத்தைக் கேட்டாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பிறகு தகரப் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள்.

‘நான் நலம். இங்கே குளிர் அதிகம். பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டதா? உடனே எழுது.’

“நீ என்னம்மா பதில் எழுதுன?”

“எழுதலை.” அம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன. “உனக்கு மேல்பல்லு முதல்ல வந்துருச்சு. அப்படி வந்தா தாய்மாமனுக்கு ஆகாதும்பாக. பயந்துபோய் யார்கிட்டயும் சொல்லலை. கீழ்ப்பல்லும் வரட்டும், நல்லபடியா எழுதலாம்னு இருந்தேன். அதுக்குள்ள தந்தி வந்துருச்சு.”

ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதும். சீனியம்மாளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

“அந்தப் பதிலை நான் சொல்லட்டுமாம்மா?”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

சுதந்திர தினத்தன்று கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். அம்மாவும் மாமாவும் வந்திருந்தார்கள். சீனியம்மாள் டீச்சர் கொடுத்த தாளை நான்காக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு பேசினாள்.

“எங்கள் அப்பா பல்லிக்குப் பயப்படுவார்.”

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

“ஆனாலும் குண்டு விழுகிற இடத்துக்கு லாரியில் ரொட்டி கொண்டு போனார். அங்கேதான் இறந்தார். அதற்குமுன் எனக்குப் பல் முளைத்துவிட்டதா என்று எழுதிக் கேட்டிருந்தார். பதில் போகவில்லை.”

சிரிப்பு நின்றுவிட்டது. சீனியம்மாள் கொடிக்கு மேலே வானத்தைப் பார்த்தாள்.

“முளைச்சிருச்சுப்பா. மேல்பல்லுதான் முதல்ல வந்துச்சு. மாமாவுக்கு ஒண்ணும் ஆகலை. அந்தா, மூணாவது மிட்டாய் தின்னுக்கிட்டு இருக்காரு.”

விருமாண்டி மாமா மெல்லுவதை நிறுத்திவிட்டுத் தங்கையைப் பார்த்தார். “எனக்காகவா மலையம்மா எழுதாம இருந்த?” என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா சீனியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தந்தி வந்த பத்தாம் நாள் உனக்குக் கீழ்ப்பல்லும் வந்துருச்சு. அதையும் அவருகிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“அடுத்த வருசம் அதைத்தான்மா முதல்ல சொல்லுவேன்” என்றாள் சீனியம்மாள்.