இருபத்திநான்கு மீட்டர்

அந்த மரத்துக்கு எண் இல்லை.

சுற்றியிருந்த மரங்களுக்கெல்லாம் இருந்தது. நெஞ்சுயரத்துக்குச் சற்று மேலே ஓர் ஆணி, ஆணியில் தொங்கும் அலுமினியத் தகடு, தகட்டில் குத்திப் பொறித்த எண். நூறு மீட்டர் நீளம், நூறு மீட்டர் அகலம் என்று கயிறு கட்டிப் பிரித்த அந்தக் காட்டுத்துண்டில் அறுநூற்றுப் பதினொரு மரங்கள், இருநூற்று நான்கு இனங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நாடா பிடித்து அளந்து, எது பருத்தது, எது பட்டுப்போனது, எது புதிதாக எழும்பியது என்று எழுதிவைப்பது, தாவர ஆராய்ச்சியாளரான அவளுடைய வேலை. சென்ற முறையும் அவளேதான் அளந்தாள். அப்போது வரைந்த வரைபடத்தில், இந்த இடத்தில், அவள் கையெழுத்திலேயே 'வெற்றிடம்' என்று இருந்தது.

வெறும் இடத்தில் ஐந்து வருடத்துக்குள் இப்படியொரு மரம் வந்துவிடாது. சுற்றளவு ஒன்றரை மீட்டர். உயரம் அளக்கும் கருவியால் மூன்று முறை பார்த்தாள். மூன்று முறையும் இருபத்திநான்கு மீட்டர்.

"போன தடவை தூக்கக் கலக்கத்துல விட்டிருப்பீங்க டாக்டரம்மா," என்றார் அண்ணன்.

அவள் அண்ணன் என்று கூப்பிடும் அவர் முகாமின் மரமேறி. உச்சிக் கிளையில் இருக்கும் பூவும் காயும் வேண்டுமென்றால் ஆராய்ச்சிக்காரர்கள் எல்லோருக்கும் அவர்தான் கதி. இருபது வருடத்தில் ஒருநாள்கூட விழுந்ததில்லை. அவளை டாக்டரம்மா என்று கூப்பிட்டுவிட்டு, தலைவலி வந்தால் மட்டும் "நீங்க மரத்துக்குத்தானே டாக்டர், நமக்கு எதுக்கு" என்று அவள் பையிலிருந்து தானே மாத்திரை எடுத்துக்கொள்வார். அவர் மனைவிதான் முகாமில் சமையல். மற்ற ஆட்கள் எல்லோரும் கூட்டத்துக்காக நகரத்துக்குப் போயிருந்தார்கள். காட்டின் குறுக்கே சாலை போடலாமா என்று ஒன்பது நாளில் ஒரு குழு முடிவு செய்யப்போகிறது. வேறெங்கும் இல்லாத ஒரு மரம் இங்கே இருக்கிறது என்று நிரூபித்துவிட்டால் சாலை நின்றுவிடும். நிரூபிக்கப் பூ வேண்டும். இலையின் படத்தை மூன்று உலர்தாவரக் காப்பகங்களுக்கு அனுப்பியிருந்தாள். மூன்றிலிருந்தும் ஒரே பதில்: இப்படி ஒன்றை நாங்கள் பார்த்ததில்லை, பூவோடு வாருங்கள்.

தொலைநோக்கியில் பார்த்தால் உச்சியில் வெள்ளையாக ஏதோ கொத்துக்கொத்தாகத் தெரிந்தது.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு இருவரும் அதன் அடியில் நின்றார்கள். மழை வருவதற்கு முந்தைய வெளிச்சம், எல்லா இலைக்கும் ஒரே பச்சையைப் பூசியிருந்தது. அண்ணன் இடுப்புவாரை இறுக்கிக்கொண்டு மரத்தைச் சுற்றி ஒருமுறை வந்தார். உள்ளங்கையை அதன் மேல் வைத்தார். உடனே எடுத்துவிட்டார்.

"எறும்பே இல்லயே இதுல."

அவளும் அதைக் கவனித்திருந்தாள். இந்தக் காட்டில் ஒரு மரம் என்றால் ஓர் ஊர். பாசி, படர்கொடி, கரையான் தடம், பட்டைக்குள் புழு, புழுவைக் கொத்த வரும் பறவை என்று சந்தைக்கடையாக இருக்கும். இதன் பட்டை துடைத்துவைத்த மாதிரி இருந்தது. அடியில் அதன் இலை ஒன்றுகூட உதிர்ந்து கிடக்கவில்லை. பக்கத்தில் போனால், நெடுநாள் பூட்டிக்கிடந்த அறையைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் காற்றின் வாடை வந்தது.

"நாளைக்கு ஏறுவோமே," என்றார். "வானம் சரியில்ல."

"நாளைக்கு மழை பிடிச்சிக்கிட்டா ஒரு வாரம் விடாது அண்ணே. எனக்கு ஒரே ஒரு கொத்து போதும். அரை மணி நேரம்."

அவர் அவளைப் பார்த்தார். மறுத்துப் பேசிப் பழக்கமில்லாத மனிதர். வாக்கிடாக்கியைத் தோளில் செருகிக்கொண்டார். அவள் நூறு மீட்டர்க் கயிற்றின் ஒரு முனையை அவர் இடுப்பில் முடிந்து, கயிற்றைத் தன் இடுப்பிலிருந்த இரும்புப் பிடிப்பான் வழியாகக் கோத்துக்கொண்டாள். அவர் ஏற ஏற இவள் விட்டுக்கொடுக்க வேண்டும். அவர் கை தவறினால் அழுத்திப் பிடிக்க வேண்டும். கயிற்றில் பத்து மீட்டருக்கு ஒரு சிவப்புக் கோடு.

முதல் சிவப்புக் கோடு அவள் கையைத் தாண்டிப் போனது. சில்வண்டுகள் காது கிழிய இரைந்துகொண்டிருந்தன. இரண்டாவது கோடு போனபோது அவருடைய நீலச்சட்டை இலைகளுக்குள் மறைந்தது. கிளைகளில் வார் உராயும் சத்தமும், அவர் வழக்கமாக மூச்சு வாங்குவதற்கு நடுவே முணுமுணுக்கும் ஏதோ பாட்டும் கேட்டன.

"பூ தெரியுதா அண்ணே?"

"தெரியுது. இன்னும் கொஞ்சம் மேல."

மூன்றாவது கோடு.

அவள் கயிற்றைப் பார்த்தாள். முப்பது. மரம் இருபத்திநான்கு. கிளையைச் சுற்றிப் போயிருப்பார், வளைவுக்கு ஆறு மீட்டர் பிடிக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். கயிறு அவள் விரல்களுக்கு நடுவே சீராக, அவசரமில்லாமல் மேலே போய்க்கொண்டிருந்தது.

நான்காவது கோடு.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

குரல் வரவில்லை. பிறகு அவள் தோளிலிருந்த இன்னொரு வாக்கிடாக்கி கரகரத்தது. "மரத்துலதான். பூ இன்னும் கொஞ்சம் மேல இருக்கு."

"போதும், இறங்கிடுங்க. மரமே அவ்வளவு உயரம் இல்ல."

சிறிது நேரம் வெறும் இரைச்சல். அந்த இரைச்சலில்தான், சில்வண்டுகள் எப்போதோ ஓய்ந்துவிட்டதை அவள் உணர்ந்தாள்.

"இறங்கத்தான் பாக்குறேன் டாக்டரம்மா," என்றார். குரலில் ஒரு சங்கடம், விருந்து வீட்டில் எதையோ உடைத்துவிட்டவர் சொல்வதைப் போல. "காலை கீழ வெச்சாலும் ஏறுற மாதிரிதான் இருக்கு."

ஐந்தாவது கோடு.

அவள் பிடிப்பானை அழுத்தினாள். கயிறு நின்றது. ஒரு கணம் இறுகி, பிறகு இழுத்தது. ஒரு மனிதன் ஏறும்போது வரும் இழுவை அளவுதான். ஆனால் விடவில்லை. அழுத்திப் பிடித்தால் அவரைக் கிளையிலிருந்து பிடுங்கிவிடுவோமோ என்ற பயத்தில் அவளே தளர்த்தினாள். இடது கையால் வாக்கிடாக்கியை எடுத்து முகாமை அழைத்தாள். சமையலறையிலிருந்து அண்ணிதான் எடுத்தாள்.

"அண்ணி, கொஞ்சம் இங்க வரணும். அண்ணனுக்கு ஒண்ணும் ஆகல. மேல மாட்டிக்கிட்டார், அவ்வளவுதான். கூட ஒரு ஆள் இருந்தா நல்லது."

"எந்த மரம்?"

"எண் இல்லாதது."

முகாமிலிருந்து முக்கால் மணி நேர நடை. அந்த முக்கால் மணி நேரத்தில் ஆறாவது கோடும் ஏழாவது கோடும் போயின. அவள் உயரம் அளக்கும் கருவியை ஒற்றைக் கையால் கண்ணில் வைத்துப் பார்த்தாள். இருபத்திநான்கு. தலையை அண்ணாந்தாள். மரத்தின் உச்சி தெரிந்தது, உச்சிக்கு மேலே சாம்பல் வானம் தெரிந்தது, அங்கே நீலச்சட்டை இல்லை. கயிறு இலைகளுக்குள் நேராகப் போய், போய், போய்க்கொண்டே இருந்தது. அவரை அனுப்பியது அவள்தான். நாளைக்கு என்று அவர் சொன்னாரே. நாளைக்கு என்றுதானே சொன்னார்.

அண்ணி ஓடிவந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள், கையில் மாவு காய்ந்திருந்தது, கால் செருப்புப் பட்டையை ஊக்கு குத்திச் சரிசெய்திருந்தாள். கயிற்றைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள். வாயருகில் இரு கையையும் குவித்துக் கத்தினாள்.

"ஏங்க!"

வாக்கிடாக்கி பதில் சொன்னது. "நீ எதுக்கு வந்த? அடுப்பை அணைச்சியா?"

"அணைச்சிட்டேன். இறங்குங்க."

"ம்."

"ம்முன்னா? விளையாட்டா இருக்கா உங்களுக்கு?"

அவர் சிரித்தார். அண்ணியும் பாதி சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அந்த ஒரு நிமிடம் எல்லாம் சரியாகிவிடும் என்று கயிற்றைப் பிடித்திருந்த அவளுக்குத் தோன்றியது.

எட்டாவது கோடு போனது. உடனே கயிறு வெடுக்கென்று இழுபட்டது. பிடிப்பான் கடித்து நின்றது. அவள் இடுப்பைப் பிடித்து யாரோ தூக்கிய மாதிரி, குதிகால் தரையை விட்டு எழுந்தது. ஒரு முழு மனிதனின் பாரம்.

"கை வழுக்கிடுச்சு," என்றது குரல். "தொங்கிக்கிட்டு இருக்கேன். கயித்தை மட்டும் விட்டுடாதீங்க டாக்டரம்மா."

"விட மாட்டேன். விடவே மாட்டேன் அண்ணே." இரண்டு கையாலும் அழுத்தினாள். "அண்ணி, கீழ கிடக்குற மிச்சக் கயித்தை எடுத்து அந்த மரத்துல கட்டுங்க. சீக்கிரம்."

அண்ணி குனிந்து கயிற்றை எடுத்தாள். அப்போது மறுபடியும் கரகரப்பு.

"டாக்டரம்மா. எனக்கு மேல யாரோ நிக்கிறாங்க."

அவள் அண்ணாந்து உச்சியைத் தேடினாள்.

"மேல எங்க அண்ணே?"

"தலைக்கு மேல. ரெண்டு பேரு. உள்ளங்கால் தெரியுது." மூச்சு வாங்கினார். "ஒருத்தி குதிகாலைத் தூக்கிக்கிட்டு நிக்கிறா. இன்னொருத்தி செருப்பு போட்டிருக்கா. பட்டையில ஊக்கு குத்தியிருக்கு."

அண்ணி தன் காலைப் பார்த்தாள்.

மிச்சக் கயிறு அண்ணியின் கையிலிருந்து நழுவி விழுந்தது. மெல்ல உட்கார்ந்தாள். முழங்காலுக்கு முன்னால் கிடந்த சருகை ஒரு கையால் ஒதுக்கினாள். ஈரச்சருகு. அதன் அடியில் இன்னும் சருகு. அதன் அடியில் மண் இருந்திருக்க வேண்டும். இலைகள் இருந்தன. பச்சை இலைகள், காம்போடு, காற்றில் ஆடிக்கொண்டு. அந்த இடைவெளியிலிருந்து ஒரு காற்று மேலே எழும்பி அண்ணியின் நெற்றி முடியைத் தூக்கியது. பூட்டிக்கிடந்த அறையின் வாடை.

"ஏங்க," என்றாள் அண்ணி, கீழே பார்த்து.

"இங்கதான்," என்றது குரல். இந்த முறை வாக்கிடாக்கியில் வரவில்லை. கீழிருந்து வந்தது. பக்கத்து அறையிலிருந்து வருவதைப்போல. "கையைக் குடு."

"அண்ணி, வேண்டாம். அவர் மேல இருக்கார். பாருங்க, கயித்துல இருக்கார், பாரம் இருக்கு. அண்ணி."

"அவரு குரல்தானே?"

"அண்ணி, என்னைப் பாருங்க. இந்தப் பக்கம் பாருங்க."

மூன்று எட்டு. மூன்றே எட்டு எடுத்துவைத்தால் அண்ணியின் தோளைப் பிடித்துவிடலாம். எட்டு எடுத்துவைக்க, கயிறு அவளைத் தரையில் நிற்க விடவில்லை. ஒரு கையை எடுத்தால் போதும். ஒரு கையை எடுத்தால் அவர் விழுவார்.

எடுக்கவில்லை.

அண்ணி செருப்பைக் கழற்றி ஓரமாக, வாசலில் விடுவதைப் போல் ஜோடியாக வைத்தாள். காலை உள்ளே விட்டாள். ஏதோ கிளை கிடைத்திருக்க வேண்டும். உடம்பு சற்று நின்று, பிறகு இறங்கியது. இடுப்பு. மார்பு. மாவு காய்ந்த விரல்கள் கடைசியாகச் சருகைப் பற்றியிருந்தன. அவையும் போயின.

"அண்ணி!"

"ஏங்க," என்று கீழே கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் கீழே, "ஏங்க."

மழைத்துளி விழ ஆரம்பித்தது. இலையில் விழுந்தது, தகடுகளில் விழுந்தது, அவள் மணிக்கட்டில் விழுந்தது. அண்ணி ஒதுக்கிய இடத்தில் விழுந்த துளிகளுக்கு மட்டும் சத்தம் இல்லை. அந்த இடத்தின் ஓரத்திலிருந்து சருகுகள் ஒவ்வொன்றாக உள்ளே நழுவின. இரண்டு எட்டுத் தூரம். ஒன்றரை.

அவள் கீழே பார்க்கவில்லை. நுனிக்காலில் நின்றாள். பிடியைத் தளர்த்தவில்லை.

மேலே கயிறு இறுகி நின்றது. பாரம் இருந்தது. கால் அடியில், வெகு ஆழத்தில், புருஷனைக் கூப்பிடும் குரல் இறங்கிக்கொண்டே போனது.

யாரும் பதில் சொல்லவில்லை.