டேப்பில் ஒட்டிய இழைகள்

"தோலை வெட்டி லேபுக்கு அனுப்புங்க சார்."

அதை மட்டும் கேட்காதே என்று அறைத்தோழி கனகலட்சுமி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "கேட்டேன்னா கிறுக்கின்னு எழுதி ஊருக்கு அனுப்பிருவாவ, ஏட்டி." ஆலையில் இவள் லைனிலேயே வேலை பார்த்த அன்னக்கிளி அப்படித்தான் போனாள்.

எழிலரசி கேட்டுவிட்டாள். ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் ஆலையின் மருத்துவ அறை அது. ஸ்பிரிட் வாசனைக்கும், சுவருக்கு அப்பால் லைன் ஓடும் ஓயாத ரீங்காரத்துக்கும் நடுவே, அவள் முன்கையில், கீறலே இல்லாத தோலுக்கடியில், நரம்பைவிட மெல்லிசாக, நீலமாக ஒன்று கிடந்தது. காலையில் மணிக்கட்டருகே இருந்தது. இப்போது முழங்கையருகே.

தோலிலிருந்து பிடுங்கிய இழைகளை டேப்பில் ஒட்டி, தேதியெழுதிக் கொண்டுவந்திருந்தாள். பழுதான ஒயரை குவாலிட்டி பிரிவில் அப்படித்தான் வைப்பார்கள். சாம்பிள் இல்லாத பேச்சு அங்கே எடுபடாது.

ஆலை மருத்துவர் சுப்பிரமணி அதைத் தொடவில்லை. "பாத்தீங்களா சசிகலா? இதுவே வியாதியோட அடையாளம். இல்லாத பூச்சியை டப்பால போட்டு எடுத்துட்டு வர்ற கேஸ்."

"இந்த மாதிரி இழையெல்லாம் துணிநூல்னுதான் ஆய்வுல சொல்றாங்க. தோல்லயே உண்டாகுதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க சார்," என்றார் வெளியிலிருந்து வந்திருந்த தோல் மருத்துவர் சசிகலா. "வெட்டிப் பாத்தா தெரிஞ்சிடும்."

"வெட்டினா அந்த நினைப்பை நாமளே வளர்க்கிறோம்."

"நான் இங்கதான் குந்திகினு கீறேன் சார். எங்கூட்ல டிகிரி முடிச்ச மொத ஆளு நானு. என்கிட்ட பேசுங்க."

"படிச்ச பொண்ணு. நெட்ல தேடியிருக்கா," என்றார் அவர், சசிகலாவிடம்.

சசிகலா பேனாவை மூடினார். ஜன்னலைப் பார்த்தார். அவ்வளவுதான்.

சுப்பிரமணி எழுதத் தொடங்கினார். இடையில் வாட்ச் பட்டைக்கடியில் சொறிந்தார். மறுபடி சொறிந்தார். பட்டை விலகியது. காயமில்லாத தோல். அதிலிருந்து நிமிர்ந்தது ஒரு நீல நுனி.

அவர் பார்த்தார். அவள் பார்ப்பதையும் பார்த்தார்.

"சார். உங்க கை."

முழுக்கைச் சட்டையின் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"உனக்கு அப்படித்தாம்மா தெரியும்."

பேனா நிற்கவில்லை. மனநலச் சிகிச்சைக்கு. வேலைக்குத் தகுதியில்லை.

எழிலரசி கம்பெனிக் கோட்டைக் கழற்றினாள். மேசையில் போட்டாள். மூடாத கைகளோடு, ஷிப்ட் மாறும் பெண்கள் எல்லாரும் பார்க்கும்படி, கேட் வரை நடப்பாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள்.

கதவு பின்னால் மூடியது. நடைபாதையில் காற்றே இல்லை. அவள் கைகளின் இழைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. நீலம், சிவப்பு, கறுப்பு. நடக்க நடக்க, எல்லாம் பின்பக்கம் சாய்ந்தன.

மூடிய கதவை நோக்கி, உள்ளே சட்டைக்கடியில் மறைந்திருந்த அந்த நீல நுனியை நோக்கி.