எல்லோருக்கும் பிடித்த களம்

அக்கா சிரித்தாள்.

சிரிக்கும்படி யாரும் எதுவும் சொல்லவில்லை. கூடத்தில் அவளையும் அவனையும் தவிர வேறு ஆளே இல்லை. மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம். ஜன்னல் கம்பியில் தொங்கிய துளிகளில் கடைசி வெயில் மஞ்சளாக ஏறியிருந்தது. மெஷின் எண்ணெயும் கஞ்சி போட்ட புதுத்துணியும் கலந்து, வீடு என்றாலே இதுதான் என்று அவன் மூக்கு பழகிப்போன அந்த வாசனை கூடம் முழுக்க நிறைந்திருந்தது. தையல் மெஷின் நின்றது. அக்கா நூலைப் பல்லால் கடித்தாள், துணியை ஒரு உதறு உதறினாள், நிமிர்ந்து இடப்பக்கம் பார்த்து, நெற்றியில் விழுந்த முடியைப் புறங்கையால் தள்ளியபடியே வாய்விட்டுச் சிரித்து, இரண்டு தட்டு கை தட்டினாள். பிறகு குனிந்து மறுபடி தைக்கத் தொடங்கிவிட்டாள்.

"என்னக்கா?"

"என்னடா?"

"சிரிச்சியே."

"நானா? இந்தக் கழுத்துப்பட்டியைப் பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சு உயிர் போகுது. எனக்கு இப்போ சிரிப்பு ஒண்ணுதான் குறைச்சல். போய் உன் வேலையைப் பாருடா."

அவன் வேலை சுவர் வரைவது. கேட்பவர்களிடம் அப்படித்தான் சொல்வான். 'நேருக்கு நேர்' என்ற சண்டை வீடியோ கேமில் இரண்டு பேர் அடித்துக்கொள்ளும் இடத்தை, பின்னால் தெரியும் சுவர், கதவு, வானம், வேடிக்கை பார்க்கும் கூட்டம் என்று எல்லாவற்றோடும் வரைகிறவன் அவன். களம் என்று அதற்குப் பெயர்; ஆபீஸ் பேச்சில் ஸ்டேஜ். சண்டைக்காரர்களை வரைகிறவர்களுக்குத்தான் பேரும் புகழும். இவனுக்கு ஆபீஸில் கிடைத்தது 'சுவரு' என்ற பட்டப்பெயர் மட்டும். போகட்டும். சண்டைக்காரனை மறந்தவர்கள்கூடக் களத்தை மறப்பதில்லை என்பது அவனுக்குத் தெரியும். இரண்டாம் பாகத்து ரயில் யார்டில், தள்ளுவண்டிக்கு அடியில் ஒரு நாய் தூங்கும். யார் அடிபட்டு விழுந்தாலும் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கிவிடும். நான்காம் பாகத்துக் கலங்கரை விளக்கத்தில், வெளிச்சம் சுற்றி வரும்போது மட்டும் மேலே யாரோ நிற்பது தெரியும். பிடித்த களம் எது என்று யாரைக் கேட்டாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்வார்கள். சண்டையைச் சட்டை செய்யாத ஒரு ஜீவன் அங்கே இருக்க வேண்டும், அதுதான் சூட்சுமம் என்பது அவன் கணக்கு.

அந்தக் கணக்கில்தான் புதுப் பாகத்துக்குத் தையல்கூடம் என்ற களத்தை வரைந்தான். ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. பின்னணி ஆட்களை ஒட்டுப்போட்டுத்தான் செய்ய வேண்டும்: ஒருவர் முகம், இன்னொருவர் கை, மூன்றாமவர் சிரிப்பு. ஒரே ஆளை முழுசாக உள்ளே வைக்கக் கூடாது. வழக்குப் போட்டுவிடுவார்கள் என்று சிலர் காரணம் சொல்வார்கள். சிலர் காரணம் சொல்லாமல் பேச்சை மாற்றிவிடுவார்கள். ஆனால் கெடு கழுத்தை நெரித்தது, அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையவில்லை. இடப்பக்கம் நின்று அவன் அடித்த ஏதோ கிண்டலுக்கு அக்கா சிரித்ததை ஃபோனில் படம் பிடித்து, அவளையும் மெஷினையும் ஜன்னலையும் பக்கத்து நீல ஸ்டூலையும் அந்தச் சாயங்கால வெயிலையும் அப்படியே, ஒரு நூல் பிரிக்காமல், களத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டான். முன்னால் இரண்டு பேர் முட்டி மோதுவார்கள். பின்னால் அக்கா பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருப்பாள். ஒருவன் விழுந்ததும் நூலைக் கடித்து, துணியை உதறி, நிமிர்ந்து, சிரித்து, இரண்டு தட்டு கை தட்டுவாள்.

கேம் அன்று காலைதான் வெளிவந்திருந்தது. தையல்கூடம் கடைசிச் சுற்றுவரை ஜெயித்தவர்களுக்கு மட்டும் திறக்கும் களம். அதுவரை போனவர்கள் அப்போது மிகச் சிலரே இருந்திருப்பார்கள்.

காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. தன் அறைக்குப் போய், கதவைத் திறந்தே வைத்து, கம்ப்யூட்டரில் சத்தத்தைச் சுத்தமாக அணைத்துவிட்டு அந்தக் களத்தைத் திறந்தான். எதிராளியை அடித்தான். எதிராளி விழுந்தான். திரையில் அக்கா நிமிர்ந்த அதே கணத்தில், கூடத்தில் மெஷின் நின்றது.

நூல் அறுபடும் சின்னச் சத்தம். துணி உதறும் சத்தம். சிரிப்பு. இரண்டு தட்டு.

இன்னொரு முறை அடித்தான். இன்னொரு முறை அதே சிரிப்பு. கம்ப்யூட்டரை நிறுத்தி, ஒயரையும் பிடுங்கிவிட்டு, இருட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். கூடத்தில் மெஷின் கடகடத்தது. அப்பாடா என்று மூச்சு விடும்போது அது நின்றது. நூல். துணி. சிரிப்பு. எங்கேயோ, முகம் தெரியாத யாரோ ஒருவர், முகம் தெரியாத இன்னொருவரை அடித்து வீழ்த்தியிருக்கிறார்.

அன்று ராத்திரி அக்கா மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. "கொஞ்சம் வேலை இருக்குடா, முடிச்சிட்டு வரேன்" என்றாள். அவள் மடியில் இருந்தது காலையிலிருந்து அதே கழுத்துப்பட்டிதான். அடுத்த வாரம் அவள் சொந்தமாகக் கடை திறப்பதாக இருந்தது. இத்தனை வருஷம் கூடத்து மூலையிலேயே தைத்தவளுக்கு இப்போதுதான் தெருமுனையில் ஒரு கடை வாடகைக்குக் கிடைத்திருந்தது. அதன் சாவியை, காணாமல் போய்விடுமோ என்று, மெஷினின் சக்கரத்துப் பக்கத்தில் ஒரு ஆணியில் மாட்டி வைத்திருந்தாள். அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். அன்று தொடவில்லை.

விடியும்போது சிரிப்புகள் நெருங்கிவிட்டன. இரண்டு சிரிப்புக்கு நடுவில் கிடைத்த இடைவெளியில் அவன் தண்ணீர் கொடுத்தான். குடித்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"டேய், எனக்கு என்னமோ ஆகுதுடா. கை என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது."

"எழுந்திரு அக்கா. வா, டாக்டர்கிட்டப் போயிடலாம்."

"எழுந்திருக்கணும்னுதான் பாக்கிறேன். முடியல. நீ ஏதாவது பண்ணுடா. உனக்குத்தான் நாலும் தெரியுமே."

நிமிர்ந்தாள். சிரித்தாள். கை தட்டினாள். சிரிக்கும்போது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவன் களத்தில் கண்ணீர் வரையவில்லை.

அப்போதுதான் ஃபோன் அடித்தது. ஆபீஸில் கேமின் திருத்தங்களை எல்லாம் சேர்த்துக் கட்டி உலகத்துக்கு அனுப்புகிறவள். எல்லோரும் அவளைப் 'பூட்டு' என்பார்கள்.

"சுவரு! கேட்டியா சேதி? பிடிச்ச ஸ்டேஜ் எதுன்னு கேட்டு ஓட்டுப் போட விட்டோம்ல, உன்னோடதுதான் முதல்ல வந்து நிக்குது. ரயில் யார்டு நாயையே உங்க அக்கா ஓரங்கட்டிட்டாங்க!"

"அது அக்கான்னு..."

"எனக்குக் கண்ணு இல்லையா? உங்க வீட்ல உக்காந்து எத்தனை தடவை சாப்பிட்டிருக்கேன். முழு ஆளை வச்சுட்டியேடா பாவி. சரி விடு, நான் யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன். இனிமே கடைசிச் சுற்றெல்லாம் போக வேண்டாம், எடுத்த எடுப்புலயே ஆடலாம்னு திறந்து விட்டுட்டாங்க. எந்த நேரமும் ஜனங்க அதுலதான் கிடக்குது."

"பூட்டு, நீ எனக்கு ஒரு உதவி பண்ணணும். அக்காவை அதுலேருந்து..." எடுத்துவிடு என்று சொல்ல வந்தவனின் நாக்கு பாதியில் நின்றது. எடுத்தால் அவள் என்ன ஆவாள்? "முதல்ல அந்த நீல ஸ்டூலை எடுத்துடு."

"ஸ்டூலா? உனக்கு மழை கழண்டிருச்சா?"

"மறை" என்று திருத்தும் நிலையில் அவன் இல்லை. "எடுத்துடேன். கெஞ்சிக் கேக்கிறேன்."

அவள் ஏதோ முணுமுணுத்தாள். விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. "இந்தா, போயிடுச்சு" என்றாள்.

பொத்.

தைத்து முடித்த துணிகள் தரையில் விழுந்து கிடந்தன. அவற்றைத் தாங்கியிருந்த நீல ஸ்டூல் இல்லை. நகரவில்லை, உடையவில்லை. இல்லை. அதன் கால்கள் தரையில் போட்டிருந்த பழைய வட்டத் தடங்கள்கூட இல்லை.

அவன் ஃபோனை வைத்தான். அக்காவை எடுக்கச் சொல்லியிருந்தால்? எடுத்தால் இல்லாமல் போவாள். எடுக்காவிட்டால் இப்படியே இருப்பாள். மென்றால் தொண்டையில் சிக்கும், விழுங்கினால் வயிற்றில் குத்தும் என்கிற மாதிரி, அவனால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை.

மதியம் இடைவெளிகள் நின்றுபோயின. நூல், துணி, சிரிப்பு, தட்டு. நூல், துணி, சிரிப்பு, தட்டு. தெருவில் உச்சி வெயில் கண்ணைப் பறித்தது. கூடத்தின் அந்த மூலையில் மட்டும் சாயங்காலமாக இருந்தது. ஜன்னல் கம்பியில் மழைத்துளிகள் விழாமல் தொங்கின. மெஷின் எண்ணெய் வாசனை மட்டும் காணவில்லை. எந்த வாசனையும் இல்லை.

"அக்கா, தண்ணி குடி."

தம்ளரை எடுத்துக்கொண்டு நடந்தான். கூடம் சின்னக் கூடம்தான். நடந்தான். அக்கா இருந்த இடத்திலேயே இருந்தாள், அவனும் இருந்த இடத்திலேயே இருந்தான். கால் தரையில் தேய்வது கேட்டது. தரை நகரவில்லை. வேகமாக நடந்தான். ஓடினான். தம்ளர் தளும்பிச் சட்டை நனைந்தது. கையை நீட்டினால் எட்டுகிற தூரம். எட்டவில்லை.

கீழே பார்த்தான். இரண்டு தரைக்கல்லுக்கு நடுவில் ஒரு கோடு. அது அவனுக்குத் தெரியும். சண்டைக்காரர்கள் முன்னும் பின்னும் போகலாம், எகிறலாம், விழலாம். பின்னணிக்குள் போகக் கூடாது. களம் வரையும்போது எல்லை இதுதான் என்று இந்தக் கோட்டைத்தான் அவன் குறித்துக்கொடுத்தான்.

"அக்கா! நான் இங்கதான் இருக்கேன். இங்க பாரு!"

அவள் இடப்பக்கம் பார்த்துச் சிரித்தாள்.

ஃபோன் மறுபடி அடித்தது. பூட்டு.

"சுவரு, உனக்கு ஒரு பரிசு! முதல் இடம் வந்த ஸ்டேஜுக்குப் புதுசா ஏதாவது குடுக்கணும்ல? மீசைக்காரர் காலையிலேயே உக்காந்து பண்ணிட்டாரு." மீசைக்காரர் என்பது அவர்கள் இயக்குநர். "பின்னாடி சுவர் உடையும்! ஓங்கி ஒண்ணு விட்டா, அடி வாங்கினவன் பறந்து போய் அந்தத் தையல் மெஷின் மேல விழுந்து சுவரை இடிப்பான். பாக்கவே அமர்க்களமா இருக்கு."

"வேண்டாம்."

"என்னது?"

"வேண்டாம் பூட்டு. நிறுத்து. உன் காலைப் பிடிக்கிறேன். அங்க எங்க அக்கா இருக்கா."

"பொம்மைடா அது" என்றாள் மெதுவாக. "உனக்குத் தூக்கம் இல்ல, அதான். அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது, அடுத்த சுற்று ஆரம்பிச்சா எல்லாம் பழையபடி வந்துடும். அதுவும் இல்லாம, இப்போதான் அனுப்பி முடிச்சேன்."

ஃபோன் கையிலிருந்து நழுவியது.

மெஷின் கடகடத்தது. கொஞ்ச நேரம் வேறெதுவும் இல்லை. அக்கா குனிந்திருந்தாள். அவள் உச்சி வகிடு தெரிந்தது. இரண்டு நரைமுடி. அதையும் விடாமல் வரைந்திருந்தான்.

தடால்.

அவள் தலைக்கு மேலே சுவர் உள்ளே அமுங்கியது. ஒரு முதுகின் அளவு. இரண்டு தோள்களின் அளவு. ஆளைக் காணோம். குழி மட்டும். சுண்ணாம்பு பொலபொலவென்று அவள் தலையில் கொட்டியது. அவள் நூலைக் கடித்தாள். துணியை உதறினாள். நெற்றியில் விழுந்த காரையைப் புறங்கையால் தள்ளியபடியே சிரித்தாள். இரண்டு தட்டு.

"அக்கா!"

தடால். இன்னும் கீழே. மெஷின் பலகை பிளந்தது. சாவி ஆணியிலிருந்து தெறித்துத் தரையில் சுழன்றது. அவன் கோட்டில் மோதினான். தோளால் மோதினான். தலையால் மோதினான். ஒன்றுமில்லாத ஒன்று அவனைத் தடுத்துக்கொண்டே இருந்தது.

அக்கா நிமிர்ந்தாள்.

மூன்றாவது அடி அவள்மேல் விழுந்தது.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். கண்ணை மூடினாலும் சத்தம் கேட்டது. பிறகு சத்தம் இல்லை. பிறகு மெஷின் கடகடத்தது.

கண்ணைத் திறந்தான். சுவர் முழுசாக இருந்தது. பலகை முழுசாக இருந்தது. சாவி ஆணியில் தொங்கியது. துளிகள் கம்பியில் தொங்கின. அக்கா மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள், தலையில் ஒரு பொட்டுச் சுண்ணாம்பு இல்லாமல், மடியில் அதே கழுத்துப்பட்டியோடு. எல்லாம் பழையபடி.

கை தைத்தது. கால் மிதித்தது. கண்கள் மட்டும் துணியைப் பார்க்கவில்லை. குனிந்த தலையின் கீழிருந்து, இமைக்காமல், அவை அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. நடந்தது அத்தனையும் அந்தக் கண்களுக்கு ஞாபகம் இருந்தது.

தடால்.

அவனைப் பார்த்தபடியே அக்கா சிரித்தாள்.