மலிவான ஈயச்சட்டி

"உங்களிட்டை வர எனக்கு விருப்பமில்லை" என்று சொல்லிக்கொண்டேதான் றோசமலர் உள்ளே வந்தாள். "வேற போக்கிடம் இல்லாமல் வந்தனான்."

1996 ஒக்டோபர், ஒரு புதன்கிழமை மாலை. பலேர்மோ நகரின் சீசாப் பகுதியில் விமலராணியின் மூன்றாம் மாடி வீடு. விமலராணி மீன் வெட்டிய கையோடு சமையலறை வாசலில் நின்றாள். வந்தவளின் பேச்சு அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அது தனக்கல்ல, தன் வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கிருக்கும் மகேந்திரராசாவுக்கு என்று தெரிந்ததால் வாயை அடக்கிக்கொண்டாள்.

மகேந்திரராசா ஒருகாலத்தில் காங்கேசன்துறைப் பக்கம் உலை வேலை பார்த்தவர். இப்போது பலேர்மோவில் மாடிப்படி கழுவுகிறார். யார் வீட்டில் எது காணாமற் போனாலும், யார்மீது பழி விழுந்தாலும், நாலு கேள்வி கேட்டு முடிச்சை அவிழ்ப்பவர் என்று ஊருக்குள் பெயர். ஒரேயொரு குறை, அவருடைய இத்தாலியன் பாண் வாங்க மட்டுமே போதும். மிச்சத்துக்கு விமலராணியின் வாய் வேண்டும். அந்த வேலைக்கு அவளை யாரும் இரண்டு தரம் கூப்பிடத் தேவையில்லை.

"இருங்கோ தங்கச்சி" என்றார் மகேந்திரராசா.

றோசமலர் இருக்கவில்லை. நின்றபடியே கொட்டித் தீர்த்தாள். அவள் கணவன் ஜோக்கிம் லிபெர்த்தா தெருவில் ருவோலோ என்ற முதியவரின் வீட்டில் வேலை செய்கிறான். ருவோலோ ஓய்வுபெற்ற நில அளவையாளர். குழாய் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் பழைய காலத்துத் துப்பாக்கிகளால் இலக்குச் சுடும் சங்கமொன்றில் உறுப்பினர். சன்னங்களை மொட்டைமாடிக் கொட்டிலில் தானே ஈயம் உருக்கி வார்ப்பார். செவ்வாய் பின்னேரம் உருகிய ஈயம் சட்டியிலிருந்து வெடித்துச் சிதறி அவருடைய வலக்கை வெந்துபோயிற்று. ஈயக்கட்டிகளை ஜோக்கிம் தண்ணீரில் கழுவி வைத்ததுதான் காரணம் என்கிறார்கள். உருகிய ஈயத்துக்குள் ஈரம் போனால் வெடிக்கும்.

"வெள்ளிக்கிழமை அவரின்ரை பெர்மெஸோவை, வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வேணும்" என்றாள். "சிஞ்ஞோர் வேலைக் கடதாசியிலை கையெழுத்து வைக்காட்டில் ஒண்டும் நடக்காது. இப்ப கையெழுத்தும் இல்லை, குவெஸ்தூராப் பொலிசிலை முறைப்பாடும் குடுப்பன் எண்டு நிக்கிறார். எங்களுக்கு ரெண்டு பிள்ளையள், அண்ணை."

அண்ணை என்ற சொல் கடைசியில்தான் வந்தது.

"வெடிக்கேக்கை ஜோக்கிம் எங்கை?"

"துறைமுகத்திலை. நாப்போலிக் கப்பலிலை வந்த சிஞ்ஞோராவின்ரை தங்கச்சியைக் கூட்டிவரப் போனவர். திரும்பி வந்து, கட்டுப்போட்ட கையைக் கண்டவுடனை 'ஸ்கூஸி சிஞ்ஞோரே' எண்டிருக்கிறார். அதைத்தான் குற்றத்தை ஒப்புக்கொண்டிட்டான் எண்டு பிடிச்சுக்கொண்டிருக்கினம்."

விமலராணிக்கு அது நன்றாகவே விளங்கியது. எசமானின் முகம் சுளித்தால் காரணம் கேட்குமுன் மன்னிப்புக் கேட்பது வீட்டு வேலைக்காரரின் நாக்குப் பழக்கம். அவளும் பூனை உடைத்த கோப்பைக்கெல்லாம் ஸ்கூஸி சொல்லியிருக்கிறாள்.

மகேந்திரராசா ஜோக்கிமை அழைப்பித்தார். நாற்பது வயது, மன்னார்க் கடற்கரைக்காரன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஈயத்தைக் கழுவினனீரோ?"

அவன் வாயைத் திறக்குமுன் விமலராணி குறுக்கே விழுந்தாள். இல்லையென்று சொல்லிவிட்டால் யார் கண்டது, கடைசிவரை இல்லையென்றே நிற்கும்படி அவனுக்கு ஓதினாள்.

"கழுவினனான்" என்றான் ஜோக்கிம். "திங்கக்கிழமை. எங்கடை அப்பா வலைக்கு ஈயமணி வார்க்கிறவர். கடல் ஈயத்தை நல்லதண்ணியிலை கழுவி, வெய்யிலிலை காயவிட்டுத்தான் உருக்குவார். நானும் அப்பிடித்தான் செய்தனான். தட்டிலை அடுக்கேக்கை நல்லாக் காய்ஞ்சிருந்தது."

றோசமலர் தலையில் கைவைத்தாள். மகேந்திரராசா மட்டும், "நல்லது. உண்மையோடை வேலை செய்யிறது சுகம்" என்றார்.

வியாழக்கிழமை பின்னேரம் வேலைக்காரருக்கு விடுமுறை. மூன்று மணிக்கு லிபெர்த்தாவில் கதவைத் திறந்த சிஞ்ஞோரா ருவோலோ, மகேந்திரராசாவையும் விமலராணியையும் மேலிருந்து கீழ்வரை அளந்தாள். கணவர் நித்திரை என்றும், ஐந்து மணிக்கு எழுவார் என்றும், அதற்குள் பார்த்துவிட்டுப் போகலாம், எதையும் தொடக்கூடாது என்றும் சொன்னாள். அதன்பின் ஒன்று சொன்னாள். அதை விமலராணி "கவனமாப் போங்கோ எண்டு சொல்லுறா" என்று பெயர்த்தாள். உண்மையில் அவள் சொன்னது, போகும்போது இருவரின் பையையும் பார்ப்பேன் என்பது.

கொட்டில் சிறியது. மூலை மேசையில் மின்சார ஈயச்சட்டி, பக்கத்தில் அதன் அட்டைப்பெட்டி. தெருச் சந்தையில் கிடைக்கும் மலிவுச் சரக்கு. மெல்லிய தகரக் கால்கள், ஆடும் கைபிடி, வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழில் எண்கள் பாதி அழிந்திருந்தன.

"இந்த விளையாட்டுச் சாமான்தான் வெடிச்சிருக்கு, அண்ணை" என்றாள் விமலராணி. "சட்டியிலை பழியைப் போட்டால் அலுவல் முடிஞ்சுது."

மகேந்திரராசா சட்டியைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். வெடிப்பில்லை, ஓட்டையில்லை. அடித்தூம்பில் ஒழுகி உறைந்த ஒரு துளி மட்டும். பிறகு சுவரைப் பார்த்தார். வெள்ளைச் சுவரெங்கும் ஈயத்துளிகள் அம்மைத் தழும்புபோல் ஒட்டியிருந்தன. சட்டிக்கு இடப்புறச் சுவரில் மட்டும், இடுப்பிலிருந்து ஆள் உயரம்வரை ஒரு துளியும் இல்லை.

"சிஞ்ஞோர் எந்தப் பக்கம் நிண்டவர்?"

விமலராணி சிஞ்ஞோராவிடம் போய்க் கேட்டு வந்தாள். வலப்புறம், சன்னலடியில், சன்ன அச்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி; பின்னால் யார் வந்தார் என்று கவனிக்கவில்லையாம். மருமகன் தாரியோ வெளியே மாடிக் கைபிடிச் சுவரடியில் நின்றதாகச் சொல்கிறான். தாரியோ என்பவன் ருவோலோவின் அக்காள் மகன். கட்டிகளைக் கழுவியதைக் கண்டேன் என்று முதலில் சொன்னவன் அவன்தான்.

அடுத்து மகேந்திரராசா தட்டிலிருந்த ஈயக்கட்டிகளை எண்ணினார். ஒவ்வொன்றும் ஒரு கிலோ, இருபதுக்குப் பதினாறு இருந்தன. முகட்டுச் சட்டத்தில் ஒட்டியிருந்த ஈயத் திவலையொன்றைக் கத்தியால் சுரண்டி எடுத்துக் கைக்குட்டையில் முடிந்தார். அதற்குள் என்ன மினுங்கியது என்று விமலராணி எட்டிப் பார்த்தாள். சின்னப் பித்தளை வளையம்.

"இப்ப ஒரு தராசு வேணும்" என்றார்.

பஸ்தா நிறுக்கிற தராசைக் கேட்டதற்கு சிஞ்ஞோரா போட்ட சத்தம் தெருவரைக்கும் கேட்டிருக்கும். விமலராணி அதன்மேல் மூன்று மடிப்புப் பத்திரிகை விரித்துக் காட்டிய பிறகே சிஞ்ஞோரா தந்தாள். சட்டியை உறைந்த ஈயத்தோடு நிறுத்து, பெட்டியில் அச்சிட்டிருந்த வெறுஞ்சட்டியின் எடையைக் கழித்தார்கள். வார்த்து வைத்திருந்த முப்பது சன்னங்களையும், சுவரிலும் நிலத்திலும் சுரண்டிய துளிகளையும் நிறுத்துக் கூட்டினார்கள். நாலு கிலோவும் எழுநூறு கிராமும் வந்தன.

"கட்டி நாலுதான் போயிருக்கு" என்றாள் விமலராணி மெதுவாக. "எழுநூறு கிராம் எங்கையிருந்து வந்தது?"

"அதைத்தான் அஞ்சு மணிக்குக் கேக்கப்போறன். ஜோக்கிமையும் பெண்சாதியையும் வரச்சொல்லும்."

ஐந்து மணிக்குக் கொட்டில் வாசலில் எல்லாரும் கூடினார்கள். ஒருவர் முகத்தில்கூட நல்ல பார்வை இல்லை. ருவோலோ கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். மாமாவுக்கு மருந்து கொண்டுவந்த தாரியோ, இந்தக் கூத்து என்னத்துக்கு, படி கழுவுகிறவன் வந்து பாடம் எடுப்பதா என்று கேட்டான். விமலராணி, "உங்களைப் பற்றி விசாரிக்கிறார்" என்று பெயர்த்தாள்.

மகேந்திரராசா நேரே ருவோலோவிடம் போனார். "சிஞ்ஞோர், இந்தச் சட்டியை வாங்கினதுக்குச் சங்கத்திலை சிரிச்சவையோ?"

ருவோலோவின் முகம் சிவந்தது. சிரித்தார்கள் என்றார். இதிலே கஞ்சிதான் காய்ச்சலாம் என்று தாரியோவும் சிரித்தானாம். ஆனால் சட்டியில் பிழையில்லை, ஈரத்தில்தான் பிழை என்று இடக்கையால் தொடையில் அடித்துச் சொன்னார்.

"நீங்கள் சொல்லுறது சரி" என்றார் மகேந்திரராசா. "சட்டி ஆறுதலாத்தான் சூடேறும், தூம்பு ஒழுகும், குமிழிலை உள்ள இலக்கத்தை நம்பேலாது. ஆனால் சன்னம் வார்க்க இது போதும். முப்பதைப் பார்த்தன், எல்லாம் உருண்டு திரண்டு வந்திருக்கு. வெடிச்சது சட்டியாலை இல்லை."

விமலராணி பெயர்த்தபோது ருவோலோ முதன்முறையாகத் தலையாட்டினார். றோசமலர் பல்லைக் கடித்துக்கொண்டு விமலராணியின் காதருகே வந்தாள். "என்ரை மனுசனுக்குக் கயிறு திரிக்கவோ இவரைக் கூட்டிவந்தனீங்கள்?"

விமலராணியும் அதையே யோசித்தாள். சட்டி பிழையில்லை என்றால் மிஞ்சுவது ஜோக்கிம்தானே?

மகேந்திரராசா தட்டிலிருந்து ஒரு கட்டியை எடுத்தார். எல்லாரும் பார்க்க மாடிக் குழாயைத் திறந்து அதை நனைத்தார். சொட்டச் சொட்டக் கொண்டுவந்து, குளிர்ந்த சட்டியில் உறைந்திருந்த ஈயத்தின்மேல் வைத்தார். சுவிச்சைப் போட்டார்.

சிஞ்ஞோரா சிலுவை போட்டுக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினாள். ருவோலோ கதிரையோடு பின்னுக்கு நகர்ந்தார். மகேந்திரராசா வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிடம். கட்டியிலிருந்து மெல்லிய ஆவி எழுந்து அடங்கியது. இருபது நிமிடம். நாற்பதாவது நிமிடத்தில் கட்டி ஓரங்களில் இளகி, சத்தமில்லாமல் சரிந்து, அடியில் உருகிக் கிடந்த ஈயத்துக்குள் அமிழ்ந்தது. கண்ணாடிபோல் மினுங்கியதே தவிர ஒரு துளியும் தெறிக்கவில்லை.

"ஈயம் உருக முன்னமே தண்ணி ஆவியாப் போயிடும்" என்றார். "சட்டி குளிரா இருக்கேக்கை ஈரக்கட்டி வைச்சாலும் ஒண்டும் நடவாது. சிஞ்ஞோர், செவ்வாய்க்கிழமை கட்டியளை எப்ப போட்டனீங்கள்?"

வெறுஞ்சட்டியில் நாலையும் ஒன்றாய்ப் போட்டுவிட்டுத்தான் சுவிச்சைப் போட்டேன் என்றார் ருவோலோ. பிறகு கோப்பி குடிக்கக் கீழே போனேன், பிறகு வேறு கட்டி எதுவும் எடுக்கவில்லை.

"ஓம். நான் எண்ணேக்கை தட்டிலை பதினாறு இருந்தது. அப்ப ஜோக்கிம் கழுவின கட்டியாலை வெடிக்கேல்லை. உருகின ஈயத்துக்குள்ளை பிறகு ஆரோ வேற எதையோ போட்டிருக்கினம். நிறுத்துப் பாத்தால் எழுநூறு கிராம் கூட இருக்கு." கைக்குட்டையை அவிழ்த்தார். "அது இதுதான். தூண்டில் கயிறு கட்டுற வளையம். தூண்டில் ஈயக்குண்டிலை மட்டும்தான் இருக்கும். முகட்டிலை ஒட்டியிருந்தது."

ஜோக்கிம் எட்டிப் பார்த்தான். "வலை ஈயத்துக்கு வளையம் வராது, அண்ணை. நடுவிலை துளைதான். இது தடியிலை தூண்டில் போடுறவையின்ரை. கடலிலை கிடந்து வெடிப்பு விழுந்த குண்டெண்டால் உள்ளுக்குத் தண்ணி நிக்கும். வெளியிலை காய்ஞ்சமாதிரித்தான் தெரியும்."

துறைமுக அலைத்தடுப்பில் விடியற்காலையில் தூண்டில் போடுகிறவன் அந்தக் குடும்பத்தில் தாரியோ மட்டும்தான் என்பது வீட்டாருக்கெல்லாம் தெரிந்திருந்தது. தாரியோ சிரிக்கப் பார்த்தான். தான் வெளியே நின்றதாகவும், தன் குண்டுகளை வேலைக்காரன் களவெடுத்துப் போட்டிருக்கலாம் என்றும் சொன்னான்.

"ஜோக்கிம் அப்ப துறைமுகத்திலை" என்றார் மகேந்திரராசா. "இந்தச் சுவரைப் பாருங்கோ. எங்கும் ஈயம். இஞ்சை மட்டும் ஒரு ஆளளவுக்கு வெறுஞ்சுவர். அந்த இடத்துக்கு வரவேண்டிய துளியெல்லாம் ஆரின்ரையோ முதுகிலை விழுந்திருக்கு. சிஞ்ஞோர் சன்னலடியிலை. மற்றது ஆர்?"

தாரியோ இரண்டு எட்டில் விமலராணியின் முன்னால் வந்து, கப்பலேறி வந்த பிச்சைக்காரர் என்றும், நாளைக்கே எல்லாரையும் துரத்துவிப்பேன் என்றும் கத்தினான். இந்த முறை விமலராணி ஒரு சொல்லையும் மென்மையாக்காமல் அப்படியே பெயர்த்தாள். மகேந்திரராசாவின் முகத்தில் மாற்றமில்லை. அவர் ருவோலோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ருவோலோ கதிரையை மருமகன் பக்கம் திருப்பினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "உன் தோல் சட்டை எங்கே, தாரியோ? செவ்வாய்க்கிழமை போட்டிருந்தாயே. அதற்குப்பின் நான் காணவில்லை."

சட்டியில் ஈயம் குறைந்து போயிற்று, பழைய குண்டுகள் சும்மா கிடந்தன, உதவி செய்யத்தான் போட்டேன் என்று தாரியோ முணுமுணுத்தான். வெடித்ததும் பயந்துபோனானாம். கழுவிய கதையைச் சொல்வது சுலபமாக இருந்ததாம்.

ருவோலோ இடக்கையால் படியைக் காட்டினார். தாரியோ மருந்துப் பையை மேசையில் எறிந்துவிட்டு இறங்கிப் போனான்.

மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. சிஞ்ஞோரா வேலைக் கடதாசியைக் கொண்டுவந்து கணவரின் மடியில் வைத்தாள். அவர் இடக்கையால் கிறுக்கினார். கையெழுத்து மாறியிருப்பதற்குச் சாட்சியாகக் கீழே சிஞ்ஞோரா தன் கையெழுத்தையும் போட்டாள். ஜோக்கிம் திங்கட்கிழமை எட்டு மணிக்கு வரவேண்டும், கொட்டிலைத் துப்புரவாக்கச் சுவரைச் சுரண்ட வேண்டியிருக்கும் என்று முகம் பார்க்காமல் சொன்னாள்.

தெருவில் இறங்கியதும் றோசமலர் மகேந்திரராசாவின் முன்னால் மறித்து நின்றாள்.

"ஈரக்கட்டி வெடிக்காது எண்டு முதலே எங்களுக்குச் சொல்லியிருக்கலாம். நாற்பது நிமிசம் என்ரை சீவன் போய் வந்தது."

"சொல்லியிருந்தால் உங்கடை முகத்திலை பயம் இருந்திராது, தங்கச்சி" என்றார் அவர். "ஏதோ நாடகம் எண்டு தாரியோ அப்பவே வீட்டை போயிருப்பான்."

"பொல்லாத ஆள் நீங்கள்" என்றாள் றோசமலர். நன்றி என்று ஒன்று அவள் வாயில் வரவில்லை.

மறுநாள் குவெஸ்தூராவின் வரிசையில் நாலு மணித்தியாலம் நின்று, முத்திரை குத்திய துண்டோடு ஜோக்கிம் வெளியே வந்தான். வாசலில் காத்திருந்த விமலராணி, திங்கட்கிழமை அந்த வீட்டுக்குத் திரும்பவும் போகத்தான் போகிறாயா என்று கேட்டாள்.

"வேற வேலை கிடைக்குமட்டும் போவன், அக்கா." அவன் வேலைக் கடதாசியை விரித்து ஒரு வரியில் விரலை வைத்தான். "இதிலை வீட்டு வேலை எண்டுதான் எழுதியிருக்கு. சமையல், கூட்டுறது, துடைக்கிறது. கொட்டில் இதிலை இல்லை. அந்தச் சுவரை அவையளே சுரண்டட்டும்."